மாடல் ரயில் லேஅவுட்: தண்டவாளத் திட்டமும் பராமரிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பலகை மேல் தண்டவாளம் பரப்பி, எச்ஓ (HO) ஸ்கேலில் மாடல் ரயில் லேஅவுட் போடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எச்ஓ என்றால் நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. கீழே வரும் கணக்கெல்லாம் அதற்குத்தான். ‘என்’ (N) எனப்படும் ஸ்கேல் (160-இல் ஒரு பங்கு, 9 மி.மீ.) வைத்திருப்பவர்கள் நீளங்களை ஏறத்தாழ பாதியாக எடுத்துக்கொள்ளலாம்.

பராமரிப்பைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் திட்டத்திலிருந்தே ஆரம்பிக்கிறார்களே, ஏன்?

ரயில் அடிக்கடி தடம் புரளும் இடங்களைக் குறித்துப் பாருங்கள். சுவரை ஒட்டிய மூலை, சுரங்கத்தின் நடுப்பகுதி, மேல்பாதைக்கு அடியில் ஒளிந்திருக்கும் பாயிண்ட் (ரயில் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குப் பிரியும் இடம்). அங்கே தண்டவாளம் மற்ற இடங்களைவிட மோசமாகப் போடப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. துடைக்கவும் திருத்தவும் கை போகவில்லை, அவ்வளவுதான். கண்ணெதிரே இருக்கும் தண்டவாளம் சுமாராகப் போட்டிருந்தாலும் ஓடிவிடும், தட்டிக்கொட்டிச் சரிசெய்துகொண்டே இருப்போம். பராமரிப்பில் பாதி வேலை பென்சில் பிடிக்கும்போதே முடிந்துவிடுகிறது, இல்லையென்றால் அப்போதே கெட்டுவிடுகிறது.

கை எட்டும் தூரம் என்றால் எவ்வளவு?

நின்ற இடத்திலிருந்து 60 செ.மீ. வரை வசதியாக வேலை செய்யலாம். 75 செ.மீ. என்பது எட்டித் தொடும் தூரம். அங்கே மலையோ மரமோ வைக்கலாம், பாயிண்ட் வைக்கக் கூடாது.

சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது. லேஅவுட் வரப்போகும் உயரத்தில் ஒரு பலகையை வையுங்கள். முன்விளிம்பில் நாலைந்து தீப்பெட்டிகளை நிறுத்துங்கள். அவைதான் முன்வரிசைக் கட்டடங்கள். பின்னால் ஒரு துண்டுத் தண்டவாளம். தீப்பெட்டி எதையும் தட்டிவிடாமல், ஒரு பயணிகள் பெட்டியின் முன், பின் சக்கரத் தொகுதிகள் இரண்டையும் தண்டவாளத்தில் ஏற்றி வைக்க முடிகிறதா? முடிகிற தூரம்தான் உங்கள் எல்லை. லேஅவுட்டை மார்பு உயரத்துக்குத் தூக்கினால் பார்க்க அழகுதான், ஆனால் அந்த எல்லை சட்டென்று குறைந்துவிடும்.

8-க்கு 4 பிளைவுட் ஷீட் ஒன்றை அப்படியே மேசையாகப் போடலாமா?

நாலு பக்கமும் நடக்க இடம் இருந்தால் போடலாம். சுவரோரம் தள்ளிப் போட்டால் 4 அடி, அதாவது 122 செ.மீ. ஆழம். பின்பாதி கைக்கு வராது. நம் வீட்டு அறைகளில் நாலு பக்கமும் வழி விடுவது அநேகமாக நடக்காத காரியம். அதே ஷீட்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, 2 அடி அகலத்தில் இரண்டு சுவர்களை ஒட்டி எல் வடிவில் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பரப்பளவு அதேதான், ஓட்டத்தின் நீளம் கூடும், ஒவ்வொரு அங்குலமும் கைக்கு வரும். வட்டமாகச் சுற்றும் ரயில் வேண்டும் என்று குழந்தைகள் அடம்பிடித்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம்.

வளைவின் ஆரம் எவ்வளவு வைக்க வேண்டும்?

எந்தப் பெட்டி ஓடப்போகிறது என்பதைப் பொறுத்தது. பலரும் கையாளும் கணக்கு இது: உங்களிடம் இருப்பதிலேயே நீளமான பெட்டியின் நீளத்தை 3-ஆல் பெருக்குங்கள். அந்த ஆரத்தில் நிம்மதியாக ஓடும். இரண்டரை மடங்கில் பெரும்பாலும் ஓடும். 2 மடங்குக்கு இறங்கினால் சில பெட்டிகள் திரும்பும், சில திரும்பாது. திரும்பினாலும் பார்க்கச் சகிக்காது.

இப்போது விரைவு ரயில்களில் வரும் எல்எச்பி வகைப் பயணிகள் பெட்டி நிஜத்தில் 23.54 மீட்டர். எச்ஓவில் 270 மி.மீ. ஆக, ஆரம் 810 மி.மீ. அதற்கு முந்தைய ஐசிஎஃப் வகைப் பெட்டி 21.3 மீட்டர், மாடலில் 245, ஆரம் 735. நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்என் வேகன் 10.7 மீட்டர்தான், மாடலில் 123, ஆரம் 370 போதும்.

8-க்கு 4 பலகையில் ஓரம் விட்டுவிட்டுத் திருப்பினால் அதிகபட்சம் 22 அங்குலம், 559 மி.மீ. கிடைக்கும். அமெரிக்க ட்ரெயின் செட்களில் வழக்கமாக வரும் வளைவு 18 அங்குலம், 457 மி.மீ. இரண்டிலும் பாக்ஸ்என் ரேக் (கோத்த வேகன் வரிசை) ஜோராக ஓடும், எல்எச்பி ஓடாது. சதாப்தி ஓட்ட ஆசைப்பட்டு 18 அங்குல வளைவை வாங்குகிறவர்கள் பெட்டியைத்தான் குறை சொல்கிறார்கள். மாடல் பெட்டியின் அட்டையில் குறைந்தபட்ச ஆரம் என்று ஒரு எண் போட்டிருந்தால், அதில் தடம் புரளாமல் திரும்பும் என்று மட்டுமே பொருள்.

இரட்டைப் பாதைக்கு நடுவே எவ்வளவு இடைவெளி?

நேர்ப்பாதையில் பீக்கோ நிறுவனத்தின் ஸ்ட்ரீம்லைன் வகைத் தண்டவாளத்தின் 50 மி.மீ. இடைவெளி போதும். வளைவில் போதாது. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

எல்எச்பி பெட்டியின் அகலம் 3.24 மீட்டர், மாடலில் 37 மி.மீ. இரண்டு சக்கரத் தொகுதிகளின் மையங்களுக்கு இடையே 14.9 மீட்டர், மாடலில் 171 மி.மீ. வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமாகத் தள்ளும், இரண்டு முனைகளும் வெளிப்பக்கமாக நீளும். உள்தள்ளல் எவ்வளவு என்று பார்க்க 171-ஐ 171-ஆல் பெருக்கி, ஆரத்தின் 8 மடங்கால் வகுக்க வேண்டும். 800 மி.மீ. ஆரத்தில் சுமார் நாலரை மி.மீ. வருகிறது. முனை வெளியே நீள்வதற்கு 270-இன் வர்க்கத்திலிருந்து 171-இன் வர்க்கத்தைக் கழித்து அதே 8 மடங்கால் வகுத்தால் ஏறக்குறைய 7 மி.மீ.

வெளிப்பாதையில் போகும் பெட்டியின் வயிறும் உள்பாதையில் போகும் பெட்டியின் மூலையும் சந்திக்கும் இடத்தில் இரண்டும் சேர்ந்து பதினொன்றரை மி.மீ. 50-இல் 37-ஐயும் இதையும் கழித்தால் மிச்சம் ஒன்றரை மி.மீ. ஒரு கைப்பிடிக் கம்பி சற்று வெளியே நீட்டியிருந்தாலும் உரசும். அதே பெட்டியை 457 மி.மீ. ஆரத்தில் ஓட்டினால் தள்ளல் மொத்தம் 20 மி.மீ.; 50 மி.மீ. இடைவெளியில் இரண்டு ரயிலும் மோதியே தீரும். ஆகவே 800 ஆரத்தில் 58, 60 என்று விரியுங்கள். ஆரம் குறையக் குறைய இன்னும் விரிய வேண்டும். செட்ட்ராக் எனப்படும், வளைவு மாறாத ஆயத்தத் துண்டுகளில் இடைவெளி 67 மி.மீ. இருப்பதற்குக் காரணம் இதுதான்.

எஸ் வளைவு கூடாது என்கிறார்கள். அப்படியென்ன ஆபத்து?

இடப்பக்க வளைவு முடிந்த அதே புள்ளியில் வலப்பக்க வளைவு தொடங்கினால், முன்பெட்டியின் முனை ஒரு பக்கமும் பின்பெட்டியின் முனை எதிர்ப்பக்கமும் தள்ளும். பெட்டிகளைக் கோக்கும் கப்ளிங் இரண்டையும் குறுக்காக இழுக்கும். எடை குறைந்த பெட்டி இறங்கிவிடும். நடுவே ஒரு நேர்த்துண்டு விடுங்கள். குறைந்தபட்சம் நீளமான பெட்டியின் நீளம்.

பலர் கவனிக்காதது: இரட்டைப் பாதையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற இரண்டு பாயிண்ட்களைச் சேர்த்து வைக்கிறோமே, அதுவும் எஸ் வளைவுதான். சிறிய பாயிண்ட்களில் அதைச் செய்தால் பயணிகள் ரயில் அங்கேதான் விழும்.

நேர்ப்பாதை வளைவில் நுழையும் இடமும் இதேபோல்தான். பட்டென்று திருப்பாமல் ஒரு மாறுவளைவு கொடுங்கள். பெரிய கணிதம் தேவையில்லை. வளைவின் தொடுகோட்டிலிருந்து நேர்ப்பாதையின் கோட்டை 1 செ.மீ. வெளியே தள்ளி வரையுங்கள். தச்சரிடம் கிடைக்கும் மெல்லிய மரப் பீடிங்கை ஒரு முனையில் நேர்க்கோட்டிலும் மறுமுனையில் வளைவிலும் ஆணியால் பிடித்துவிட்டால், நடுவே 40 செ.மீ. தூரத்துக்கு அது தானாக எப்படி வளைகிறதோ அதுவே பாதை.

ஒரு பாதை இன்னொன்றுக்கு மேலே போக வேண்டும். ஏற்றம் எவ்வளவு வைக்கலாம்?

2 சதவீதம், அதாவது 50-க்கு 1. கீழ்ப்பாதைத் தண்டவாளத்தின் மேலிருந்து மேல்பாலத்தின் அடிவரை 75 மி.மீ. வேண்டும். அதை 2 சதவீதத்தில் ஏற 3.75 மீட்டர் ஓட வேண்டும். பாலத்தின் கனம், ஏற்றம் தொடங்கும் முடியும் இடங்களில் கொடுக்கும் மெதுவான வளைவு எல்லாம் சேர்த்தால் 5 மீட்டரை நெருங்கும். அப்புறம் இறங்கவும் வேண்டுமே. 10 அடி அறையில் இதற்கு ஏறத்தாழ ஒரு முழுச் சுற்று போய்விடும் என்பதைக் காகிதத்தில் பார்க்கும்போது பலருக்கு மேம்பால ஆசை அடங்கிவிடும்.

நீலகிரி மலை ரயிலில் ஏற்றம் 8 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதே என்று கேட்பார்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே அதற்காகவே பல்சக்கரத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். மீட்டர்கேஜ் வேறு. அதை மாடலாகச் செய்யப் பல்தண்டவாளமும் அதற்கேற்ற இஞ்சினும் வேண்டும். சாதாரண எச்ஓ இஞ்சின் அங்கே சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்கும்.

எந்த பாயிண்ட் வாங்குவது?

இடம் அனுமதிக்கும் அளவுக்குப் பெரியது. பீக்கோ ஸ்ட்ரீம்லைனில் சிறியது 185, நடுத்தரம் 219, பெரியது 258 மி.மீ. நீளம். மூன்றும் ஒரே 12 பாகையில்தான் பிரிகின்றன. நடுத்தரத்திலிருந்து பெரியதற்குப் போக 39 மி.மீ. மட்டுமே அதிகம் செலவாகிறது. பிரதான பாதையில் பெரியது, யார்டில் நடுத்தரம் என்று வைத்துக்கொண்டால் தப்பில்லை. நிஜ ரயில்வேயும் பயணிகள் பாதையில் 12-க்கு 1 (12 அளவு முன்னே போனால் 1 அளவு விலகும்), சரக்கு யார்டில் எட்டரைக்கு 1 என்று இரண்டு வகை வைத்திருக்கிறது.

எங்கே வைப்பது என்பது அதைவிட முக்கியம். சுரங்கத்துக்குள் வேண்டாம். இரண்டு பலகைகள் சேரும் இணைப்பின் மேல் வேண்டாம். அடியில் குறுக்குச் சட்டம் ஓடும் இடத்திலும் வேண்டாம், பிறகு பாயிண்ட்டை நகர்த்தும் மோட்டாரை மாட்ட இடம் இருக்காது.

ஃபிளாட்டில் இருக்கிறோம், ஒரு புத்தக அலமாரி நீளம்தான் இடம். ஏதாவது செய்ய முடியுமா?

தாராளமாக. ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய இங்கிள்நூக் அமைப்பைப் பாருங்கள். இரண்டே பாயிண்ட், மூன்று சைடிங் (வேகன் நிறுத்தும் கிளைப்பாதை). ஒன்றில் 5 வேகன், மற்ற இரண்டில் 3, 3 வேகன் பிடிக்கும். இஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும் பாதையில் இஞ்சினும் 3 வேகனும் மட்டும் பிடிக்கும். மொத்தம் 8 வேகன். அதில் 5-ஐச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அதே வரிசையில் கோக்க வேண்டும். சாத்தியமான வரிசைகள் 6,720. சலிக்காது.

பாக்ஸ்என் நீளத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலம். நாலு சக்கரப் பழைய மூடு வேகன்கள் என்றால் இன்னும் குறையும். இன்றைய இந்திய ரயில்வேயில் சரக்கு முழு ரேக்காகவே போகிறது, தனித்தனி வேகனாகப் பிரித்துக் கோக்கும் ஷன்டிங் வேலை ஏறக்குறைய போய்விட்டது. எனவே காலத்தை நீராவி இஞ்சின் நாட்களுக்குத் தள்ளி வைத்துக்கொண்டால் விளையாட்டும் பொருந்தும், பழைய வேகன்களும் பொருந்தும். பராமரிப்பு என்ற பார்வையில் இதைவிட நல்ல லேஅவுட் கிடையாது. ஒரு துணியால் ஒரே இழுப்பில் முழுவதையும் துடைத்துவிடலாம்.

கம்ப்யூட்டரில் வரையலாமா, காகிதம் போதுமா?

தண்டவாளத் திட்டம் வரையும் மென்பொருள்களில் எக்ஸ்ட்ராக்கேட் இலவசம், ஸ்கார்ம், எனிரெயில் இரண்டும் பழக எளிது. எதில் வரைந்தாலும் பாயிண்ட்களை மட்டும் நிஜ அளவில் அச்சிட்டுப் பலகையில் பரப்பிப் பாருங்கள். பீக்கோ தன் பாயிண்ட்களின் முழு அளவுப் படங்களை இலவசமாகவே தருகிறது. அச்சிடும்போது 100 சதவீதம் என்று வைக்க மறந்தால் எல்லாம் சற்றுச் சுருங்கி, கடைசி பாயிண்ட்டுக்கு இடமில்லாமல் போகும். பரப்பிய காகிதத்தின் மேல் பெட்டிகளைக் கையால் நகர்த்திப் பாருங்கள். கணினித் திரையில் பிடிபடாத உரசல் அங்கே பிடிபடும்.

நம் அகலப்பாதை 1676 மி.மீ. ஆயிற்றே, 16.5 மி.மீ. தப்பு அல்லவா?

தப்புதான். 87-ஆல் வகுத்தால் 19.2 மி.மீ. வர வேண்டும். 16.5 என்பது வெளிநாடுகளில் பரவலான 1435 மி.மீ. பாதைக்கு உரிய அளவு. ஆனால் 19.2-க்குக் கடையில் பாயிண்ட் கிடையாது, எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு 16.5-இல் ஓட்டுங்கள்.

ரயில் தடம் புரள்கிறது. எங்கே தேடுவது?

ஒரே பெட்டி பல இடங்களில் விழுந்தால் பெட்டியில் கோளாறு. பல பெட்டிகள் ஒரே இடத்தில் விழுந்தால் தண்டவாளத்தில் கோளாறு. விழும் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் ஒரு சிறு துண்டு மறைப்பு டேப் ஒட்டிப் பெட்டியின் பெயரை எழுதி வையுங்கள். சில வாரங்களில் டேப்புகளே பதில் சொல்லிவிடும். பெட்டியைத் திருப்பி வைத்து ஓட்டியும் பாருங்கள்; கோளாறு அதே சக்கரத் தொகுதியைத் தொடர்ந்து போகிறதா என்று தெரியும்.

தண்டவாளம் என்று முடிவானால், விரல் நகத்தை இணைப்பின் மேல் இழுங்கள். ஒரு பக்கம் உயர்ந்திருந்தால் நகம் தடுக்கும். சின்ன அரத்தால் உள்மூலையையும் மேல்விளிம்பையும் லேசாகச் சாய்த்து எடுங்கள். இரண்டு தண்டவாளங்களை இணைக்கும் சிறு தகடான ஃபிஷ்பிளேட்டுக்குள் போகாமல் அதன் மேலேறி உட்கார்ந்திருக்கும் தண்டவாளம்தான் பல நேரம் குற்றவாளி. அது நேராகப் பார்த்தால் தெரியாது. போன் கேமராவைத் தண்டவாள மட்டத்தில் வைத்து நீளவாக்கில் படமெடுங்கள், சின்னக் கோணலும் அப்பட்டமாகத் தெரியும். குறுக்குவாட்டில் ரசமட்டம் வையுங்கள். ஆணியை ஓங்கி அடித்திருந்தால் ஸ்லீப்பர் (தண்டவாளத்தின் அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை) நடுவில் குழிந்து தண்டவாளங்கள் நெருங்கிவிடும். ஆணியைச் சற்று மேலே இழுத்தால் சரியாகும்.

அமெரிக்காவின் என்எம்ஆர்ஏ என்ற மாடல் ரயில் சங்கம் (1935-இல் தொடங்கியது) ஒரு தகட்டு அளவி விற்கிறது. தண்டவாள இடைவெளி, பாயிண்ட்டில் சக்கர விளிம்பு போகும் பள்ளம், சக்கரங்களின் உள்முகத் தூரம் எல்லாவற்றையும் அது ஒன்றே பார்த்துவிடும். இந்தப் பொழுதுபோக்கில் முதலில் வாங்க வேண்டிய கருவி இதுதான் என்பேன், இரண்டாவது இஞ்சினுக்கும் முன்னால். கைவசம் வெர்னியர் அளவி இருந்தால் சக்கரங்களின் உள்முகத் தூரம் சுமார் 14.4 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டிக்கு எடை கூட்ட வேண்டுமா?

என்எம்ஆர்ஏ பரிந்துரை எச்ஓவுக்கு 28 கிராம், அதோடு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 14 கிராம். பாக்ஸ்என் வேகனுக்கு 97 கிராம், எல்எச்பிக்கு 180 கிராம் அளவில் வரும். காலி வேகனாகத் தெரிய வேண்டுமென்றால் எடையை அடிப்பகுதியில் ஒட்டுங்கள். மேலே ஒட்டினால் வளைவில் சாயும்.

தண்டவாளத்தை எதைக் கொண்டு துடைப்பது? ஆளுக்கொன்று சொல்கிறார்களே.

சொல்வார்கள். இதில் சண்டையே நடக்கும். அந்தக் கறுப்பு என்ன என்று முதலில் பார்ப்போம். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே நுண்ணிய மின்பொறிகள் தாவிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சூட்டில் உலோகத்தின் மேல்படலம் ஆக்ஸைடாகிறது. காற்றிலிருக்கும் தூசியும் எண்ணெய்ப் பசையும் அதோடு சேர்ந்து பிசினாகிறது. பிளாஸ்டிக் சக்கரங்கள் அதை அப்பிக்கொண்டு லேஅவுட் முழுக்கப் பூசிவிடும். ஆகவே முதல் வேலை பிளாஸ்டிக் சக்கரங்களைக் கழற்றி உலோகச் சக்கரம் மாட்டுவது. இழுவைக்காக ரப்பர் வளையம் போட்ட இஞ்சின் சக்கரமும் கறை விடும்.

உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். பளபளவென்று ஆகும், கூடவே நூற்றுக்கணக்கான கீறல்கள் விழும். அடுத்த அழுக்கு அந்தக் கீறலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காது. தேய்க்கும் ரப்பர் கட்டியையும் பல ஆண்டு கிடந்த பழைய தண்டவாளத்துக்கு ஒரு தடவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

திரவத்தில் நெடுங்காலமாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான் வழக்கம். கடந்த சில ஆண்டுகளாகப் பலர் மினரல் டர்பன்டைன், மண்ணெண்ணெய் போன்ற மின்முனைவு இல்லாத திரவங்களுக்கு மாறிவிட்டார்கள். ஆல்கஹால் துடைத்தபின் மிஞ்சும் மெல்லிய படலத்தில் மின்பொறி தாவ வாய்ப்பு அதிகம், டர்பன்டைனில் குறைவு என்பது அவர்கள் வாதம். தடித்த அழுக்கைக் கரைக்க ஆல்கஹால், கடைசித் துடைப்புக்கு டர்பன்டைன் என்று இரண்டையும் வைத்துக்கொள்வது என் பரிந்துரை. டர்பன்டைன் பெயின்ட் கடையில் கிடைக்கும். அதே கடையில் விற்கும் என்சி தின்னரைக் கிட்டவே சேர்க்காதீர்கள். பிளாஸ்டிக் ஸ்லீப்பர் இளகிவிடும்.

பழைய பனியன் துணியைத் தீப்பெட்டி அளவுக் கட்டையில் சுற்றி, சில சொட்டு விட்டு, நீளவாக்கில் இழுங்கள். துணியில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். துணியை நகர்த்திச் சுற்றி, கோடு மங்கும்வரை தொடருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். காய்ந்த பிறகே கரன்ட்டைப் போடுங்கள். இவை எல்லாம் தீப்பிடிக்கும் சரக்கு.

சக்கரத்தை விட்டுவிட்டால் துடைத்ததெல்லாம் வீண். ஒரு டிஷ்யூ காகிதத்தைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு நனையுங்கள். இஞ்சினின் ஒரு சக்கரத் தொகுதி காகிதத்தின் மேல், மற்றது வெறும் தண்டவாளத்தில். கையால் பிடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினால் சக்கரங்கள் அங்கேயே சுழன்று கறுப்பைக் கக்கும். பிறகு இஞ்சினைத் திருப்பி மறுபக்கம்.

முடித்தபின் ஓவியர்கள் பயன்படுத்தும் மரமில்லாத கிராஃபைட் குச்சியால் தண்டவாளத்தின் உள்விளிம்பில் ஒரே ஒரு மெல்லிய கோடு இழுத்தால் பல மாதம் தாங்கும். ஏற்றத்தில் மட்டும் வேண்டாம், சக்கரம் வழுக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைப்பது?

நாள் கணக்கு வேண்டாம். இஞ்சினை மிக மெதுவாக ஓட்டுங்கள். தயங்கினால் துடையுங்கள். தினமும் ஓடும் பாதை அவ்வளவு சீக்கிரம் அழுக்காகாது, ஓடாமல் கிடக்கும் சைடிங்தான் படுத்தும். சமையலறைக்குப் பக்கத்து அறை என்றால் தாளிக்கும் நேரத்தில் கதவைச் சாத்துங்கள். அந்த எண்ணெய்ப் புகை தண்டவாளத்திலும் படியும்.

துடைத்த பிறகும் இஞ்சின் சில இடங்களில் திணறுகிறது.

கரன்ட் போய்ச் சேரவில்லை. ஃபிஷ்பிளேட் தண்டவாளங்களை நேராகப் பிடிப்பதற்கு; கரன்ட் கடத்த அதை நம்பாதீர்கள். புதிதாக இருக்கும்போது கடத்தும், ஒரு மழைக்காலம் போனால் கைவிடும். 914 மி.மீ. நீளம் வரும், கையால் வளைத்துப் போடும் ஒவ்வொரு வளைதண்டவாளத்துக்கும் தனியாக ஒரு ஜோடி ஃபீடர் வயர் (கரன்ட் கொண்டுவரும் வயர்) சால்டர் செய்யுங்கள். பலகைக்கு அடியில் வீட்டு வயரிங்குக்கு வாங்கும் ஒன்றரை அல்லது இரண்டரை சதுர மி.மீ. செப்பு வயரைச் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு நிறத்தில் பிரதான வழியாக ஓட்டி, ஃபீடர்களை அதில் சேர்த்துவிடுங்கள். ஃபீடர் மெல்லியதாக இருக்கலாம், ஒரு சாண் நீளத்துக்கு மேல் வேண்டாம்.

டிசிசி (ஒவ்வொரு இஞ்சினையும் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல் முறை) வைத்திருந்தால் நாணயச் சோதனை கட்டாயம். மீட்டருக்கு ஒரு இடத்தில் ஒரு நாணயத்தை இரண்டு தண்டவாளத்திலும் படும்படி வையுங்கள். தண்டவாளத்துக்குக் கரன்ட் தரும் பூஸ்டர் உடனே அதைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்காத இடத்தில் வயர் போதவில்லை என்று அர்த்தம். அங்கே நிஜமாக ஷார்ட் ஆனால் கரன்ட் நிற்காமல் பாய்ந்து சக்கரத்தையும் பிளாஸ்டிக்கையும் உருக்கிவிடும்.

பாயிண்ட்டின் மேல் மட்டும் சின்ன இஞ்சின் நின்றுவிடுகிறது.

இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் வி வடிவப் பகுதியை ஃபிராக் என்பார்கள். அது பிளாஸ்டிக்காக இருந்தால் அந்த நீளத்துக்குக் கரன்ட் இல்லை. நாலு சக்கர இஞ்சின் நிற்கும். உலோக ஃபிராக் உள்ள எலக்ட்ரோஃப்ராக் வகையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஃபிராக்கிலிருந்து வெளியே போகும் இரண்டு உள்தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பான் போட வேண்டும், இல்லையென்றால் ஷார்ட். நகரும் நாக்குத் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தைத் தொடுவதால் மட்டுமே கரன்ட் வருகிறது என்றால், அந்த இடத்தில் ஒரு தூசி போதும் கெடுக்க. பாயிண்ட் மோட்டாரிலுள்ள சுவிட்ச் வழியாக ஃபிராக்குக்குத் தனி வயர் கொடுத்துவிடுங்கள்.

வெயிலில் தண்டவாளம் வளைந்துவிட்டது.

நிக்கல் சில்வர் (செம்பு, நிக்கல் கலந்த உலோகக் கலவை) தண்டவாளம் 20 பாகை செல்சியஸ் சூடு ஏறினால் ஒரு மீட்டருக்கு மூன்றில் ஒரு மி.மீ. நீளும். 6 மீட்டர் சுவர் நெடுக இடைவெளியே விடாமல் போட்டிருந்தால் 2 மி.மீ. போக இடம் தேடி, நடுவில் புடைக்கும். ஒவ்வொரு வளைதண்டவாளத்துக்கும் நடுவே ஒரு தபால் அட்டை கனத்துக்கு இடைவெளி விடுங்கள். மே மாத மதியத்தில் போடுகிறீர்கள் என்றால் இடைவெளி வேண்டாம், மார்கழிக் காலையில் அதுவே விரியும். வளைவில் மட்டும் இணைப்புகளை நேராக வைத்துச் சால்டர் செய்த பிறகு வளையுங்கள்.

உலோகத்தைவிட மரம் அதிகம் சேட்டை செய்யும். ஈரக்காற்றில் ஊதி, வெயிலில் சுருங்கும். தண்ணீர் தாங்கும் ரகப் பிளைவுட் வாங்கி, அறுத்த விளிம்பு உட்பட ஆறு பக்கமும் பிரைமர் அடியுங்கள். பலர் மேல்பக்கம் மட்டும் அடிக்கிறார்கள், பலகை வில்லாகிவிடும்.

வாசலைக் கடக்கத் தூக்குப்பாலம் போடலாமா?

போடலாம். விளிம்பில் முடியும் தண்டவாளத்தின் நான்கு முனைகளுக்கும் கீழே பித்தளை ஸ்க்ரூ இறக்கி, தண்டவாளத்தை ஸ்க்ரூத் தலையில் சால்டர் செய்யுங்கள். பசையை நம்பினால் யாருடைய புடவையாவது, துண்டாவது மாட்டி இழுத்துவிடும். பாலம் இறங்கினால் மட்டும் இருபுறமும் ஒரு மீட்டருக்குக் கரன்ட் வரும்படி ஒரு சுவிட்ச் வைப்பது நல்லது.

ஜல்லிக்கு ஆற்று மணல் சலித்துப் போடலாமா?

காந்தத்தை ஒரு காகிதத்தில் சுற்றி மணலுக்குள் இழுத்துப் பாருங்கள். நம் ஆற்று மணலிலும், அதைவிட அதிகமாகக் கடற்கரை மணலிலும் கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் அதைத் தொழிலாகவே பிரித்தெடுக்கிறார்கள். இஞ்சின் மோட்டாரில் காந்தம் இருப்பதால் இந்தத் துகள் உள்ளே போய்ப் பற்சக்கரத்தை அரைத்துவிடும். காந்தத்தில் எதுவும் ஒட்டாதவரை எடுத்துவிட்டு, கழுவிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

ஒட்ட ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி. முதலில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரைத் தெளித்தால்தான் பசை உருண்டு ஓடாமல் இறங்கும். பாயிண்ட் நாக்கு நகரும் இடத்தில் ஜல்லியும் வேண்டாம், பசையும் வேண்டாம். அங்கே அட்டையில் நிறம் பூசி ஏமாற்றலாம்.

பழைய ட்ரெயின் செட் தண்டவாளம் துருப்பிடிக்கிறது.

அது எஃகு. பாக்மன் நிறுவனத்தின் இ-இசட் ட்ராக்கில் கறுப்பு அடித்தளம் எஃகுத் தண்டவாளம், சாம்பல் அடித்தளம் நிக்கல் சில்வர். கடலோர ஊரில் எஃகோடு மல்லுக்கட்டுவது வேலைக்கு ஆகாது. மாற்றிவிடுங்கள்.

சுரங்கத்துக்குள் தண்டவாளம் இருந்தே தீர வேண்டும் என்றால்?

வெளியே போடுவதைவிடக் கவனமாக உள்ளே போடுங்கள். இணைப்புகள் எல்லாம் சால்டர், ஃபீடர் இரட்டிப்பு. மலையைப் போர்த்துவதற்கு முன் சில வாரங்கள் எல்லாப் பெட்டிகளையும் முன்னும் பின்னும் தள்ளி ஓட்டிப் பாருங்கள். மலை தூக்கி எடுக்கும்படி இருக்கட்டும், அல்லது அடியிலிருந்து கை நுழைய 20 செ.மீ. திறப்பு விடுங்கள். பாதையின் இருபக்கமும் 2 செ.மீ. உயரத்துக்கு ஒரு தடுப்பு வைத்தால் விழுகிற பெட்டி தரைக்குப் போகாது.

பல்லி, எறும்பு, கரையான்?

சிரிக்க வேண்டாம், உண்மையான கேள்விதான். பல்லி எச்சம் தண்டவாளத்தில் காய்ந்தால் கெட்டியாகி இஞ்சினையே ஏற்றி இறக்கும். ஈரத்துணியால் ஊறவைத்து எடுங்கள், சுரண்டாதீர்கள். இரவில் லேஅவுட்டின் மேல் பழைய பருத்திப் புடவை ஒன்றைப் போர்த்தினால் எச்சமும் மின்விசிறித் தூசியும் தண்டவாளத்தில் விழாமல் நிற்கும். எறும்பு வருவது மாவுப் பசையாலும் லேஅவுட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் தின்னும் பிஸ்கட்டாலும். கரையானுக்கு மேசைக் கால்களைச் சுவரிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி வையுங்கள், மாதம் ஒருமுறை டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மண்கோடு ஏறியிருந்தால் அது கண்ணுக்குத் தெரியும்.